விசா மறுத்த பிறகு பிறந்த பாட்டு

1977 ஏப்ரலில் லண்டனில் 'தி க்ளாஷ்' என்ற பங்க் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் மூண்டது. கொழும்பில் வீடிழந்தவர்களை ஏற்றிக்கொண்டு 'லங்கா ராணி' என்ற கப்பல் காங்கேசன்துறைக்குப் போனது. அந்தப் பயணத்தை அருளர் என்ற பெயரில் ஒருவர் நாவலாக எழுதினார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இந்த இரண்டும் முப்பது ஆண்டு கழித்து ஒரே பாட்டில் வந்து சேர்ந்தன. 2007-ல் வந்த அந்தப் பாட்டு 'பேப்பர் ப்ளேன்ஸ்'. பாடியவர் அருளரின் மகள் மாதங்கி. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும்.

பிரிட்டனில் பங்க் இசை வேலையில்லாத இளைஞர்களின் கோபத்தில் வளர்ந்தது. சங்கீதம் கற்க வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம், கையில் கிடைத்த கிட்டாரை எடுத்துக்கொண்டு மேடையேறு என்பதே அதன் கொள்கை. குடியேறிகளை விரட்டச் சொல்லும் 'நேஷனல் ஃப்ரண்ட்' கட்சி அப்போது தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எதிராக 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த பெரும் கச்சேரியில் க்ளாஷ் வாசித்தார்கள். 1982-ல் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்றொரு பாட்டும் போட்டார்கள். எங்கு போனாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறவர்களைப் பற்றிய பாட்டு அது. அமெரிக்க சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுப்போன பிள்ளைகள் அதில் வருகிறார்கள்.

மாதங்கி 1975-ல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்பா ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், தலைமறைவு வாழ்க்கை. எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும் பிள்ளைகளிடம் அப்பா என்று சொல்லாமல் வேறு உறவு சொல்லித்தான் அறிமுகம். இடையில் கொஞ்ச காலம் சென்னை. 1986-ல் அம்மா கலா பிள்ளைகளோடு லண்டனில் அகதியாக இறங்கினார். தையல் வேலை செய்து வளர்த்தார்.

மகள் ஓவியக் கல்லூரிக்குப் போனார். 'எலாஸ்டிகா' குழுவின் ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தார், அவர்களின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்க உடன் போனார். அங்கேதான் பீச்சஸ் என்ற பாடகி ஒரு பெட்டியை அவருக்குக் காட்டினார். ரோலண்ட் எம்.சி.505. பொத்தானைத் தட்டினால் தாளம் சுற்றிச் சுற்றி வரும். அதன் மேல் இன்னொன்றை அடுக்கலாம். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாத பெண் அதை இரவல் வாங்கி வீட்டில் வைத்துப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். பங்க் சொன்னதும் இதைத்தானே! 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரையே வைத்தார்: 'அருளர்'.

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர்களோடு செய்வதாக இருந்தது. 2006-ல் அமெரிக்கா விசா தர மறுத்துவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று இன்றைக்குச் சொல்வேன். அந்தக் கதவு சாத்தியதால் அவர் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று அலைந்தார். தமிழ்நாட்டு உறுமி மேளம் அந்த ஆல்பத்துக்குள் இப்படித்தான் நுழைந்தது.

காந்தலூரில் இருக்கும் எனக்கு உறுமி புதிதல்ல. நாங்கள் கேரளத்துக்காரர்கள், பேச்சு தமிழ். சின்னாறு சோதனைச்சாவடி தாண்டி தமிழ்நாட்டு உடுமலைப் பக்கம் இறங்கினால் கோயில் பூச்சாட்டுக்கு உறுமி கேட்கலாம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து முனகுவது போல ஒலி எழும். மறு முகத்தில் மெல்லிய குச்சி படபடவென்று விழும். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் அதே உறுமல், லண்டன் கிளப்களை அதிரவைக்கும் வேகத்தில். ஆல்பத்தின் பெயர் 'கலா'. இம்முறை அம்மா பெயர்.

பிறகு விசா கிடைத்தது. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் தங்கியிருந்தபோது 'பேப்பர் ப்ளேன்ஸ்' உருவானது. தயாரிப்பாளர் டிப்லோ 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் கிட்டார் இழையை எடுத்து அடியில் ஓடவிட்டார். அதன் மேல் போலி விசா தயாரிக்கும் ஒருவரின் சவடால். குழந்தைகள் சேர்ந்து பாடும் பல்லவியில் சொல் வரவேண்டிய இடத்தில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வரும். அகதி வந்தால் ஒன்று சுடுவான், இல்லை நம் காசைப் பறிப்பான் என்ற பயத்தை அவர் அமெரிக்காவுக்கே திருப்பிப் பாடிக் காட்டியதாகத்தான் நான் கேட்கிறேன். எம்.டி.வி. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றித்தான் ஒளிபரப்பியது. 2008-ல் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் ஒலித்தது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் மாதங்கியோடு க்ளாஷ் குழுவினர் பெயர்களும் உண்டு.

விடுதலைப் புலிகளுக்கு விளம்பரம் செய்கிறார் என்ற குற்றச்சாட்டு அப்போது வலுத்தது. அவரது ஓவியங்களில் புலி இருந்தது உண்மை. இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளையும் புலிகள் பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துப்போனதையும் அனுபவித்தவர்களுக்கு அந்தப் படங்கள் உறுத்தியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஈரோஸ் எது, புலிகள் எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமைகூட பல மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு இருக்கவில்லை.

2009 பிப்ரவரி 8 அன்று நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். அதே வாரங்களில் இலங்கைப் போரில் வன்னி மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பேட்டி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொன்னார். மே மாதம் போரோடு எல்லாம் முடிந்தது.

அடுத்த ஆண்டு 'பார்ன் ஃப்ரீ' வந்தது. அடியில் ஓடுவது மறுபடியும் பங்க் பரம்பரைதான், நியூயார்க்கின் 'சூசைட்' குழு. காணொளியில் செம்பட்டை முடி உள்ள பையன்களை மட்டும் ராணுவம் வீடு வீடாகப் பிடித்துப்போய்ச் சுடுகிறது. யூடியூப் அதைக் கட்டுப்படுத்தியது, உலகமே அதிர்ந்து பேசியது. நடிகர்களை வைத்து எடுத்த அந்தக் காட்சிக்கு எழுந்த பதற்றத்தில் பாதிகூட, இலங்கையில் கைகள் கட்டப்பட்ட மனிதர்கள் சுடப்படுவதை 2009 ஆகஸ்டில் சேனல் 4 காட்டியபோது எழவில்லை என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.