மருந்து என்று ஊதிய அலுமினியப் பொடி

அலுமினியப் பொடி டின் எங்கேயாவது கண்ணில் பட்டால் அதன் லேபிளைக் கொஞ்சம் நின்று படியுங்க. தீப்பிழம்புப் படம் இருக்கும். எரியக்கூடிய திடப்பொருள், தண்ணீர் பட்டால் எரியும் வாயு வெளிவரும் என்று போட்டிருப்பார்கள். அந்த வாயு ஹைட்ரஜன். அதனால் இந்தப் பொடி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல்தான் போடணும். தூசியாகக் கிளம்பினால் ஒரு பொறி போதும், வெடிக்கும். கூடவே வரும் பாதுகாப்புத் தாளில் இன்னொரு வரியும் உண்டு: தூசியைச் சுவாசிக்காதே.

அந்தச் சின்ன வரிக்குப் பின்னால் போனபோதுதான் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துச் சுரங்கக் கதை எனக்குக் கிடைத்தது.

அங்கே தங்கச் சுரங்கங்களில் குவார்ட்ஸ் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். 1930களில் டிம்மின்ஸ் ஊரின் மெக்கின்டயர் சுரங்கத்தைச் சேர்ந்தவர்கள் முயல்களை வைத்துச் சோதனை செய்தார்கள். அலுமினியத் துகள் சிலிக்காவின் மேல் படிந்து அதைக் கரையவிடாமல் தடுக்கும், நோயும் வராது என்பது அவர்கள் கணக்கு.

1943 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஷிப்ட் தொடங்கும் முன் தொழிலாளர்கள் உடை மாற்றும் அறையின் கதவுகளை மூடுவார்கள். நுண்ணிய கறுப்புப் பொடியைக் காற்றழுத்தத்தால் அறைக்குள் ஊதுவார்கள். சுமார் பத்து நிமிடம் அதை ஆழமாக உள்ளிழுக்கணும். வேண்டாம் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. தங்கத்தோடு நிற்கவில்லை, யுரேனியம் சுரங்கங்களுக்கும், மேற்கு ஆஸ்திரேலியா வரைக்கும் இந்த முறை போனது. ஒண்டாரியோவில் நின்றது 1979இல்தான்.

தூசியை அடக்க வழி தெரியாமல் இல்லை. பாறையை நனைத்துத் துளைக்கலாம், காற்றோட்டத்தைக் கூட்டலாம். அதையெல்லாம் விட மனிதனின் நுரையீரலுக்குள் பொடியை ஊதுவது மலிவு!

பிறகு இதைக் கிளறியவர் ஜானிஸ் மார்ட்டெல். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி, பார்க்கின்சன் நோயாளி. பொடி சுவாசித்தவர்களின் விவரங்களை அவரே சேகரித்துப் பதிவேடு போட்டார். 2020இல் வெளியான ஆய்வு, இந்தத் தொழிலாளர்களிடம் பார்க்கின்சன் அதிகம் என்று காட்டியது. 2022இல் ஒண்டாரியோ அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. அதற்குள் அந்த அப்பா இறந்துவிட்டார்.

இன்றைக்குத் தாளில் 'சுவாசிக்காதே' என்று இருக்கிறது. அன்றைக்கு அவர்களிடம் சொன்னது ஆழமா மூச்சு இழுங்க என்று. பொடி என்னவோ அதே அலுமினியம்தான்.