முதல் சிட்காம் எங்கே போச்சு?

அமெரிக்க டிவி சீரியல்ல முதன்முதலா கர்ப்பிணியா வந்த நடிகை யாருன்னு கேட்டா, நிறைய பேர் 1952-ல 'ஐ லவ் லூசி'யில் கர்ப்பிணியா வந்த லூசில் பாலைத்தான் சொல்வாங்க. ஆனா அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே ஒருத்தர் வந்துட்டார். மேரி கே ஸ்டெர்ன்ஸ்.

1947 நவம்பர் 18. டூமாண்ட் நெட்வொர்க்கில் 'மேரி கே அண்ட் ஜானி' ஆரம்பிக்குது. அமெரிக்க நெட்வொர்க் டிவியின் முதல் சிட்காம் இதுதான். நியூயார்க்கில் குடியிருக்கும் ஒரு இளம் தம்பதி, அவங்க வீட்டுக் கலாட்டா, அவ்வளவுதான் கதை. நடிச்சவங்களும் நிஜத் தம்பதி. ஸ்கிரிப்ட் எழுதினது கணவர் ஜானியே.

எத்தனை பேர் பார்க்கிறாங்கன்னு ஸ்பான்சருக்கே தெரியாத காலம் அது. அதனால அனாசின் கம்பெனி ஒரு வேலை பண்ணுச்சு: முதல்ல கடிதம் போடுற 200 பேருக்குக் கண்ணாடி இலவசம்! வந்து குவிஞ்சது கிட்டத்தட்ட 9,000 கடிதம்.

1948-ல மேரி கே நிஜமாவே கர்ப்பமானார். முதல்ல மறைக்கப் பார்த்தாங்க, முடியல. கதையிலேயே சேர்த்துட்டாங்க. டிசம்பரில் பிறந்த மகன் கிறிஸ்டோபரும் சில வாரத்தில் திரைக்கு வந்துட்டான். 1952-ல 'ப்ரெக்னென்ட்' என்ற வார்த்தையைக்கூட லூசி ஷோவில் சொல்ல விடலைங்கறதை நினைச்சுப் பாருங்க.

அப்புறம் ஏன் மேரி கேவை யாருக்கும் தெரியல?

நிகழ்ச்சி நேரலையில் போச்சு. 1950 மார்ச்சில் முடிஞ்சும் போச்சு. டிவி திரைக்கு முன்னால ஃபிலிம் கேமரா வெச்சு எடுத்த 'கினஸ்கோப்' பிரதிதான் ஒரே பதிவு. அதையும் யாரும் பொக்கிஷமா பார்க்கல. டூமாண்டின் பிரதிகள் 1970-களில் நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதா நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-ல சாட்சியம் சொன்னார். மேரி கே ஷோவில் இன்னைக்கு மிஞ்சியிருக்கிறது மிகச் சொற்பம்.

லூசி ஷோவை 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தாங்க. அதனால மறுஒளிபரப்பு, தலைமுறை தலைமுறையா ரசிகர்கள், கூடவே 'முதல்' என்ற பெயரும்.

லூசில் பால் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனா இனிமே 'முதன்முதலா'ன்னு எங்கேயாவது படிச்சீங்கன்னா, ஒரு கேள்வி கேளுங்க: முதல்ல செஞ்சவங்களா, இல்ல செஞ்சதோட பிரதி மிஞ்சினவங்களா?