சிலாப்புக்குள்ள இறங்கின கண்ணாடி

வத்தேகமவில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற அறையில் மழை வந்தால் முதலில் நனைவது நோட்ஸ்தான். "கொங்கிறீட்டுக்குள்ள இறங்கிற மருந்து இருக்கு, அடிச்சா சரி" என்றார் மேசன் பாஸ். வீட்டுக்கார அம்மா சீட்டுக் காசில் ஒரு கேன் வாங்கித் தந்தார். சிலாப் முழுக்க அடித்தோம். அடுத்த மழைக்கும் அதே மூலையில் ஒழுகியது. அந்தக் காசு எங்கே போனது என்று தேடப்போய்த்தான் இந்தச் சரித்திரம் கிடைத்தது.

1824இல் இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்தார். அடுத்த வருடமே ஜெர்மனியில் யொஹான் ஃபொன் ஃபுக்ஸ் என்ற இரசாயனவியலாளர் நீர்க்கண்ணாடி பற்றி எழுதினார். மணலையும் காரத்தையும் உருக்கி எடுக்கிற, தண்ணீரில் கரையக்கூடிய கண்ணாடி அது. 1840களில் பிரான்ஸின் லீல் நகரத்தில் ஃபிரெடெரிக் குல்மன் அதைச் சுண்ணாம்புக் கல்லில்தான் பூசிப் பார்த்தார். லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் கல், வேலை முடிய முன்னமே உதிரத் தொடங்கியது. அங்கேயும் சிலிக்கேட் கரைசல் பூசினார்கள். 1861இல் ஒரு குழு வேறு கூடி ஆராய்ந்தது. கடைசியில் 1928இலிருந்து கல்லையே மாற்ற வேண்டி வந்தது. எங்கள் சிலாப்பின் கதை அவ்வளவு புதிதில்லை!

சீமெந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சும். உள்ளே இறங்கும் சிலிக்கேட் அதோடு சேர்ந்து, சீமெந்துக்குப் பலம் தருகிற அதே வகைப் பொருளாகி நுண்துளைகளை அடைக்கிறது. மேற்பரப்பு இறுகும், தரையில் தூசி எழும்பாது. போன நூற்றாண்டில் வந்த சிலேன், சிலொக்சேன் வேறு வழி. துளையை அடைக்காது, ஆனால் துளைச் சுவரில் தண்ணீர் ஒட்டாது, சேம்பிலை மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகப் போக வழி இருக்கும். சாய்வாக ஓடுகிற மழைக்கு நல்லது. தேங்கி அழுத்துகிற தண்ணீருக்கு நம்ப முடியாது. முக்கியமாக, இரண்டுமே வெடிப்பை மூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பக்கத்துப் பொல்கொல்லவில் 1976இலிருந்து மகாவலியை மறித்து நிற்பதும் கொங்கிறீட்தான். இப்படியான கட்டுமானங்களில் தண்ணீரை நிறுத்துவது மேலே அடிக்கிற மருந்தல்ல, நெருக்கமான கலவையும் பொருத்துகளுக்குள் வைக்கிற தடுப்புப் பட்டியும்.

பாஸ் திரும்ப வந்து, பாசியைச் சுரண்டி, தலைமயிர் அளவு வெடிப்பொன்றைக் காட்டினார். வெட்டி அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் பிடித்தோம். மிச்ச மருந்தை அம்மா குசினித் தரைக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறார்.