‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டவர்

தாம் வாசித்ததைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கு நவீனத் தமிழில் ஒரு வரலாறு எழுதப் புகுந்தால், அதைத் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். வழக்கறிஞரான அவருடைய வீட்டில் கூடிய நண்பர் குழாமுக்கு வட்டத்தொட்டி என்று பெயர். மகராஜன், தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், அ.சீனிவாசராகவன் போன்றோர் அந்த வட்டத்தில் உருவானவர்கள். ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யின் அன்பர்கள்.

அங்கே நடந்தது பெரும்பாலும் கம்பன் வாசிப்பு. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதன் ஓசையும் அழுத்தமும் புலப்படும்படி திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் மனத்தில் அது தைக்கும்வரை டி.கே.சி. விடமாட்டார். அவருக்கு உரைகாரர்களின் புலமையில் நம்பிக்கை இல்லை. பாடல் தன்னைத் தொட்டதா என்பதே அவருடைய அளவுகோல். இந்த அளவுகோலின் வன்மையையும் வட்டத்தொட்டியிலேயே காணலாம். தம்மைத் தொடாத பாடல்களை அவர் இடைச்செருகல் என்று தள்ளினார்; சில இடங்களில் சொற்களையே திருத்தினார். புலவர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. என் வரையில் அவர்களின் கோபம் நியாயமானதே. ஆனால் புலவர்கள் செய்யத் தவறியதை டி.கே.சி. செய்தார் என்பதையும் மறுக்க முடியாது. தேர்வுக்கு வெளியே கம்பனுக்கு வாசகர்கள் உண்டு என்று காட்டியவர் அவர்.

டி.கே.சி. 1954இல் காலமானார். அந்த வேளையில் ரசனை என்ற சொல்லைக் கையிலெடுத்துக்கொண்டு முற்றிலும் வேறொரு வேலையில் இறங்கியிருந்தவர் க.நா.சுப்ரமண்யம். இருவரையும் ‘ரசனை விமர்சகர்கள்’ என்று ஒரே கட்டில் அடைப்பது வழக்கம். இது மேலோட்டமான பார்வை என்றே சொல்வேன். டி.கே.சி.யின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கம்பன் யார் என்று தெரியும். பாடலை எப்படிக் கேட்பது என்பதை மட்டும் அவர் சொன்னால் போதும். க.நா.சு.வின் வாசகருக்கோ நூலின் பெயரே தெரியாது. தொடர்கதைகள் லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்த காலத்தில், சில நூறு பிரதிகள் விற்று மறைந்துபோன நூல்களைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெளிவந்த அவருடைய ‘படித்திருக்கிறீர்களா?’ இரண்டு பாகங்களும் இந்த வேலையின் ஆவணம். தலைப்பைக் கவனியுங்கள். ‘தமிழ் உரைநடை ஆய்வு’ என்றோ ‘இலக்கியச் சிந்தனைகள்’ என்றோ இல்லை. நண்பர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் கேள்வி அது. கட்டுரைகளும் அப்படியே. ஒரு நூல், அதன் ஆசிரியர், தமக்கு அது ஏன் பிடித்தது என்பது பற்றிச் சில பக்கங்கள், அவ்வளவுதான். கொங்குக் கிராமம் ஒன்றில் சொத்தில் பங்கு கேட்டு நிற்கும் விதவையின் கதையான ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) பற்றிப் பிற்கால வாசகர்கள் தேடிப்போனதற்கு க.நா.சு. விடாமல் சொல்லிவந்தது முக்கியமான காரணம். பின்னாளில் நீல.பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) வெளிவந்தபோது அதைப் பாராட்டியதோடு நில்லாமல், அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார். மறுதிசையிலும் அப்படித்தான்: க்னுட் ஹாம்சனின் ‘நிலவளம்’, லாகர்க்விஸ்டின் ‘பாரபாஸ்’ கதையான ‘அன்பு வழி’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’ எல்லாம் அவர் வழியே தமிழுக்கு வந்தவை. ‘நான் படித்தேன், நீங்களும் படியுங்கள்’ என்று சொல்ல நூல் இல்லாவிட்டால், நூலையே ஆக்கித் தருவது! இதைவிடப் பெரிய பகிர்தல் வேறென்ன இருக்க முடியும்?

சிக்கல் அவருடைய பட்டியல்களில் எழுந்தது. நல்ல நாவல்கள் இவை, நல்ல சிறுகதையாசிரியர்கள் இவர்கள் என்று பெயர்களை வரிசையாகச் சொல்வார்; ஏன் என்று நீட்டிச் சொல்லமாட்டார். கல்கிக்கும் மு.வ.வுக்கும் அந்த வரிசைகளில் உயர்ந்த இடம் கிடையாது. இவர் யார் இதைச் சொல்ல என்ற எரிச்சல் பரவியது. ரசனையைச் சொன்னால் போதாது, படைப்பைப் பகுத்து அலசிக் காரணம் காட்ட வேண்டும் என்று நினைத்தவர் சி.சு.செல்லப்பா. அவர் 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் நடத்திய ‘எழுத்து’ பெருமளவுக்கு அந்த எண்ணத்தின் விளைவு. இலங்கையிலிருந்து க.கைலாசபதி வேறொரு கோணத்தில் தாக்கினார். ரசனை என்பது தனிமனிதரின் அந்தரங்க விவகாரம் அல்ல. அதற்கு வர்க்கமும் சமூகமும் உண்டு என்பது அவர் வாதம். அவருடைய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நூலுக்கு மறுப்பாக வெங்கட் சாமிநாதன் ‘மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்’ எழுதியது இந்தச் சண்டையின் உச்சம்.

கைலாசபதியின் கேள்வி வலுவானது. ஒருவருடைய விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதைத் தடுக்க எந்த ரசிகருக்கும் உரிமை இல்லை. செல்லப்பாவின் அலசல் முறையும் கவிதை விமர்சனத்தில் நல்ல பலன் தந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மறுபதிப்புகள் அரிதாக இருந்த காலம் அது. நூலகங்களில் நல்ல நாவல் கிடைப்பது வாசகரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அச்சில் இல்லாத நூலின் பெயர் நான்கு பேருடைய நினைவில் இருந்தால்தான், பதிப்பாளர் ஒருவர் என்றாவது அதைக் கையிலெடுப்பார். க.நா.சு.வின் பட்டியல் அந்த நினைவாக இருந்தது. காரணங்களை நீட்டி எழுதியிருந்தால் விமர்சகர்கள் மகிழ்ந்திருப்பார்கள். பழைய புத்தகக் கடையில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடிய வாசகருக்கு அந்த ஒற்றை வரியே போதுமானதாக இருந்தது.

பின்னாளில் ஜெயமோகன் நாவல்களுக்கும் எஸ்.ராமகிருஷ்ணன் நூறு சிறுகதைகளுக்கும் பட்டியல் தந்தபோது அதே எரிச்சல் திரும்பவும் எழுந்தது. விடுபட்ட பெயர்களைச் சொல்லிச் சண்டைகள் நடந்தன. அந்தச் சண்டைகளின் வழியாகவும் சில நூல்கள் வாசகரிடம் போய்ச் சேர்ந்தன.

க.நா.சு.வுக்கு 1986இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ‘பொய்த்தேவு’ எழுதிய நாவலாசிரியருக்கு அதை அளித்தது ஒரு விமர்சன நூலுக்காக: ‘இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்’. இரண்டாண்டுகள் கழித்து, 1988 டிசம்பரில், டெல்லியில் அவர் காலமானார்.