பொன் தோண்டிய எறும்புகள்

சரித்திரத்தின் தந்தை என்று போற்றப்படும் கிரேக்க ஆசிரியர் ஹெரொடோட்டஸ், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய தமது நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு விந்தையைச் சொல்கிறார். இந்தியாவின் வடபுறத்து மணற்காட்டில் எறும்புகள் உண்டாம். நாயைவிடச் சிறியவை, நரியைவிடப் பெரியவை. அவை வளை தோண்டி வெளியே தள்ளும் மணலில் பொன் கலந்திருக்குமாம். வெயில் கடுமைக்கு அஞ்சி எறும்புகள் உள்ளே பதுங்கும் நேரம் பார்த்து, ஒட்டகங்களில் வரும் மக்கள் மணலைப் பைகளில் அள்ளிக்கொண்டு ஓட்டமெடுப்பார்களாம். எறும்புகள் மோப்பம் பிடித்துத் துரத்தினால் தப்புவது அரிது!

இந்த எறும்பு எப்படி இருந்திருக்கும்? அன்று எழுந்த வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், எறும்பைத் தான் காணவில்லை என்றும், அதன் தோல்களைக் கண்டதாகவும், அவை சிறுத்தைத் தோலைப் போலிருந்தன என்றும் சொன்னான். ரோமானிய ஆசிரியர் பிளினி அதற்குப் பூனையின் நிறத்தையும் எகிப்திய ஓநாயின் பருமனையும் கொடுத்தார். அத்துடன் விட்டாரா? எரித்திரை நகரத்து ஹெர்க்குலிஸ் கோயிலில் அதன் கொம்புகள் தொங்கியதாகவும் எழுதிவிட்டார்!

மூல நூலிலோ புள்ளித் தோலும் இல்லை, கொம்பும் இல்லை. கிரேக்க நாட்டு எறும்பைப் போன்ற உருவம் என்பதே அங்கே உள்ளது.

அப்படியானால் ஹெரொடோட்டஸ் பொய்யரா? நான் அவ்வாறு கருதவில்லை. அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். பாரசீகர் சொன்னதைக் கேட்டு எழுதியவர். அன்றியும், மகாபாரதத்தின் சபா பர்வத்தில் வடமலை மன்னர்கள் யுதிஷ்டிரருக்குக் கொணர்ந்த காணிக்கைகளில் 'பிபீலிகம்' என்ற பொன் ஒன்று வருகிறது. பிபீலிகை என்றால் எறும்பு. எறும்புகள் தோண்டி எடுத்ததால் பொன்னுக்கு அப்பெயர். ஆகவே கதை நம் நாட்டிலும் வழங்கியதுதான்.

1984-இல் பிரெஞ்சு யாத்திரிகர் மிஷேல் பெய்சல் ஒரு விடை கூறினார். சிந்து நதிக்கரை மேட்டு நிலத்தில் மார்மட் என்னும் பிராணி வாழ்கிறது. அணில் இனம், பூனையளவு பருமன். அது வளை தோண்டித் தள்ளிய மண்ணிலிருந்து தங்கள் முன்னோர் பொற்றுகள் சேர்த்ததாக அங்குள்ள மினாரோ மக்கள் அவரிடம் சொன்னார்களாம்.

வளை பொருந்துகிறது, பொன்னும் பொருந்துகிறது. ஆனால், புல் மேயும் மார்மட் ஒட்டகத்தைத் துரத்துமா? துரத்தாது. அந்த ஆவேசம் பொன் அள்ளியவர்கள் கட்டிவிட்டது என்பது என் ஊகம். பிறர் அந்தப் பக்கம் எட்டிப் பாராதிருக்க அதைவிட நல்ல காவல் ஏது?