சிசுவும் வெம்மையும்

கருவறையின் வெதுவெதுப்பில் வளர்ந்த சிசு, பிறந்த கணத்திலேயே ஈர உடம்போடு குளிர்ந்த காற்றை எதிர்கொள்கிறது. ஈரம் உலர உலர, உடலின் வெப்பமும் உடன் செல்கிறது. நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. குறைமாதச் சிசுவுக்கோ உடற்கொழுப்பும் குறைவு. எனவே, பிறந்த முதல் சில மணி நேரத்தில் வெம்மை உயிர் காக்கும் மருந்தாகிறது. அம்மருந்தை மனிதர் எங்கெங்கே தேடினர் என்பதைச் சிறிது காண்போம்.

பாரிஸ் நகரின் மகப்பேற்று மருத்துவர் ஸ்டெஃபான் தார்னியே, அங்குள்ள உயிரியல் தோட்டத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டார். குஞ்சுக்கு உதவும் முறை குழந்தைக்கும் உதவும் என்று கருதி, ஓடில் மார்த்தன் என்பவரைக் கொண்டு ஒரு பேழை செய்வித்தார். அடியில் வெந்நீர், மேல்தட்டில் சிசு. 1880இல் அது மருத்துவமனையில் இடம்பெற்றது. அதற்குமுன், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சிசுக்களில் நூற்றுக்கு 66 இறந்தன. பேழை வந்தபின் அத்தொகை 38 ஆயிற்று.

ஆயினும் பேழை தாயையும் சேயையும் பிரித்தது. தார்னியேயின் மாணவர் பியேர் புதேன் இத்தீங்கை உணர்ந்தார். தாய்மார் அருகிருந்து பாலூட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எனினும், பல ஆண்டுகள் மருத்துவமனைகள் தாயை வெளியே நிறுத்தியே வைத்தன.

மாற்றம் வறுமையிலிருந்து வந்தது. 1978இல், கொலம்பிய நாட்டின் பொகோத்தா நகரில் பேழைகள் போதவில்லை. ஒரே பேழையில் பல சிசுக்களைக் கிடத்தியதால் நோய் தொற்றியது. மருத்துவர் எட்கார் ரேய், சிசுவைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் பொருந்தக் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்றதால், 'கங்காரு முறை' என்ற பெயர் நிலைத்தது.

இம்முறையின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள சிசுக்களை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே மார்பில் அணைத்தனர். அதனால் முதல் 28 நாட்களில் நேரும் மரணம் நூற்றுக்கு 15.7இலிருந்து 12 ஆகக் குறைந்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனமும் இதனைப் பரிந்துரைத்தது.

பிறந்த ஊரை விட்டு வந்து, வடபுலத்து மார்கழிக் குளிரில் மகவு ஈனும் நம் குடும்பங்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். சிசுவை உடனே துடைத்து உலர்த்துவோம். தாயின் மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவோம். தலைக்குக் குல்லாய் இடுவோம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தருவோம். முதற்குளியலை ஒரு நாளேனும் தள்ளிவைப்போம். தாய் தளர்ந்திருப்பின், தந்தையின் மார்பும் அவ்வெம்மையைத் தரும். சிசு மிகச் சிறிதாயினும் நோயுற்றதாயினும், மருத்துவரின் மேற்பார்வையிலேயே இவற்றைச் செய்வோமாக.