பெந்தெகொஸ்தே ரோஜாவின் குடும்பம்

நான் டிப்ளமோ நர்சிங் படித்தவள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்கள் இல்லத்துத் தோட்டத்தில் மே கடைசியில் மலரும் ஒரு பூவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிப் பூப்பதால், அதை ஜெர்மானியர்கள் பெந்தெகொஸ்தே ரோஜா என்கிறார்கள். உண்மையில் அது ரோஜா அல்ல, பியோனி. கிரேக்கத் தேவர்களின் வைத்தியனான பயானின் பெயரிலிருந்து வந்த பெயர். 1542இல் டூபிங்கன் பேராசிரியர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் வெளியிட்ட மூலிகை நூலிலும் இது உண்டு.

இதன் வேரைக் கழுத்தில் கட்டியிருந்தவரை ஒரு சிறுவனுக்கு வலிப்பு வரவில்லை, கழற்றியதும் வந்தது, திரும்பக் கட்டியதும் நின்றது என்று 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலென் எழுதினார். ஐரோப்பா அதைப் பல நூற்றாண்டுகள் நம்பியது.

என் தம்பிக்கும் வலிப்பு உண்டு. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகும் அம்மா, அவனுக்குத் தாயத்தும் கட்டினார். சில மாதங்கள் வலிப்பு வரவில்லை. மாத்திரையை நிறுத்தினோம். பிறகு அது முன்னைவிடக் கடுமையாக வந்தது. நர்சிங் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது: வலிப்பு சில காலம் தானாகவே வராமலும் இருக்கும். நாங்கள் கண்ணால் கண்டது பொய்யில்லை, அதை வைத்து எடுத்த முடிவுதான் தவறு.

தாவரவியலாளர்களுக்கும் இப்படித்தான் நேர்ந்தது. ஏராளமான மகரந்தத்தாள்கள், தனித்தனிச் சூலகங்கள் இவற்றைப் பார்த்து, கருஞ்சீரகம் இருக்கும் ரனன்குலேசி குடும்பத்தில் பியோனியைச் சேர்த்தார்கள். 1815இலேயே ரஃபினெஸ்க் அதைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார். இருந்தும் பலர் பழைய இடத்திலேயே வைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் மொட்டுக்குள் பார்த்தார்கள். ரனன்குலேசியில் மகரந்தத்தாள்கள் வெளியிலிருந்து உள்நோக்கி உருவாகின்றன. பியோனியிலோ உள்ளிருந்து வெளிநோக்கி. பின்னர் மரபணு ஆய்வு வந்தது. 1998இல் வெளியான புதிய வகைப்பாட்டில் பியோனி சாக்சிஃப்ரகேலிஸ் வரிசைக்குப் போனது. ஒரே பேரினம் கொண்ட சிறு குடும்பம் அது. அதே வரிசையில்தான் நம் வீட்டுத் தொட்டியில் இலையிலேயே குட்டிபோடும் ரணகள்ளியும் இருக்கிறது!

தம்பி இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. அந்தத் தாயத்தை அம்மா வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.